பிளின்ட்லாக் கிட் துப்பாக்கி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

அமெரிக்காவில் கையில் இருக்கும் காசுக்குள் சொந்தமாக ஒரு ரைஃபிளைச் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது கென்டக்கி வகை பிளின்ட்லாக் கிட்டில்தான். கல் எஃகில் உரசி வரும் பொறியால் வெடிமருந்தைப் பற்றவைத்துச் சுடும் பழங்கால வகைத் துப்பாக்கி பிளின்ட்லாக்; அதை நாமே சேர்த்துக்கொள்ள வரும் பாகத் தொகுப்புதான் கிட். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை நீளமாகவும் மெலிதாகவும் மாற்றிச் செய்தார்களே, அதன் வாரிசு இது. இன்றைக்கு மலிவு விலைக் கிட்டுகள் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகின்றன. குழல் முடிந்திருக்கும், சுடும் பொறியமைப்பான லாக் கோத்திருக்கும், இவற்றைத் தாங்கும் மரக்கட்டையைப் பெரும்பாலும் செதுக்கியிருப்பார்கள். மிச்சம் உங்கள் உளிக்கும் அரத்துக்கும் உப்புத்தாளுக்கும்.

சேர்த்து முடித்த துப்பாக்கி சுடவில்லை என்றதும் புது லாக், புது ஸ்பிரிங் என்று தேட ஆரம்பிப்பதுதான் வழக்கம். அங்கேதான் காசு வீணாகிறது. மலிவுக் கிட்டில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை பாகத்தின் கோளாறே இல்லை. மரமும் இரும்பும் தொடக்கூடாத இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் கல்லோ மருந்தோ சரியில்லாமல் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், சில டாலர் கேட்பதை அடுத்தும், பாகம் மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், குழலின் வாய் வழியாக மருந்து நிரப்பும் இந்த வகைப் பிரதிகளைப் பழங்காலத் துப்பாக்கிகளின் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தியாவில் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்த வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாகங்களின் பெயர்: கல்லைக் கவ்விக்கொண்டிருப்பது குதிரை. கல் வந்து உரசும் எஃகுத் தகடு ஃப்ரிசன். அதன் அடியில் பற்றவைக்கும் மருந்தைப் போடும் குழி கிண்ணம். கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ போகிற சிறு ஓட்டையைத் தீத்துளை என்று எழுதுகிறேன். விசையை இழுத்தால் மேலே தள்ளப்பட்டுக் குதிரையை விடுவிக்கும் நெம்புகோல் சியர். குதிரையும் ஃப்ரிசனும் கிண்ணமும் சியரும் ஸ்பிரிங்குகளும் ஒரே தகட்டில் பூட்டியிருக்கும் தொகுதிக்கு லாக் என்று பெயர்.

எதையும் தொடுவதற்கு முன்: குழல் காலியா?

யாரோ பாதியில் விட்ட கிட்டையோ பழைய துப்பாக்கியையோ வாங்கியிருந்தால் இது கட்டாயம். குண்டை உள்ளே தள்ளும் நீளக் குச்சியான ராம்ராடைக் குழலுக்குள் அடிவரை இறக்குங்கள். வாய் விளிம்பு வரும் இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கத்தில் அதே நீளத்துக்கு வைத்துப் பாருங்கள். நுனி தீத்துளைக்குப் பக்கத்தில் வந்தால் காலி. நன்றாக முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கிட்டுகள் சிலவற்றில் குழலின் அடியில் விரல் நுழையாத அளவு குறுகலான தனி அறை இருக்கும். அதில் தடித்த ராம்ராடு கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். எது என்று புரியவில்லை என்றால் விவரம் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. விசையைச் சோதிக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒரு மரத்துண்டைக் குதிரையின் வாயில் பூட்டுங்கள். கல் வீணாகாது, ஃப்ரிசனும் தேயாது.

லாக் கையில் நன்றாக ஓடுகிறது, கட்டையில் பூட்டினால் சிக்குகிறது

கிட் வேலையில் தலையாய கோளாறு இதுதான். குதிரை மெதுவாக விழும், பாதியில் நிற்கும், அல்லது பின்னுக்கு இழுத்தால் 'கிளிக்' சத்தமே வராது. ஸ்பிரிங் பலவீனம் என்று தோன்றும். லாக்கைப் பிடித்திருக்கும் திருகுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். இப்போது ஓடினால் ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை; திருகை முடுக்கும்போது லாக்கின் உள்பாகம் எங்கேயோ மரத்தில் போய் அழுந்துகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க மசி தடவ வேண்டும். மெழுகுவர்த்திப் புகைக்கரி போதும். கடையில் கிடைக்கிற மலிவு லிப்ஸ்டிக் இன்னும் வசதி. லாக்கின் உள்பக்கத்தில் மேடாக இருக்கும் எல்லா இடத்திலும் மெல்லத் தடவி, கட்டையில் பூட்டி, திருகை முழுக்க முடுக்கி, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்தபடியே மேலும் கீழும் ஓட்டுங்கள். கழற்றிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் குழியைப் பார்த்தால் ஓர் அரிசி அளவுக்குப் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் உளி நுனியால் சுரண்டுங்கள். மறுபடி தடவுங்கள், பூட்டுங்கள், பாருங்கள். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

வழக்கமாக மூன்று இடத்தில் புள்ளி விழும். சியரின் வால் நுழையும் ஓட்டையின் மேல் மூலை ஒன்று. குதிரையை இழுக்கும்போது பெரிய ஸ்பிரிங்கின் கீழ்க்கால் நகர்ந்து வரும் தடம் இன்னொன்று. உள்ளே இருக்கும் சின்னத் திருகுகளின் தலை போய் முட்டும் அடித்தளம் மூன்றாவது. லாக் தகட்டின் விளிம்பு உட்காரும் படியில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே மரம் போனால் லாக் உள்ளே அமிழ்ந்து, இதுவரை சரியாக இருந்த எல்லாமே கெடும். குழல் பள்ளத்துக்கும் லாக் குழிக்கும் நடுவில் உள்ள மரம் மிக மெல்லியது, அங்கேயும் கவனம்.

மரத்தில் புள்ளியே விழவில்லை, ஆனாலும் சிக்குகிறது என்றால் திருகைப் பாருங்கள். கிட்டில் வரும் திருகு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அதன் நுனி ஸ்பிரிங்கிலோ குதிரையிலோ தட்டும். ஓரிரு மரை அளவுக்கு அரத்தால் தேய்த்தால் தீர்ந்தது.

ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் கச்சிதமாகப் பொருத்திய லாக், ஆகஸ்ட் புழுக்கத்தில் சிக்குவதும் உண்டு. மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். சுரண்டி முடித்த குழிக்குள்ளும், குழல் பள்ளத்துக்குள்ளும், வெளியே பூசுகிற அதே எண்ணெயைப் பூசிக் காயவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வரும்.

விசையை இழுத்தால் விழவில்லை, அல்லது குதிரை நிற்கவே மாட்டேன் என்கிறது

குதிரை முழுநிலையில், அதாவது சுடத் தயாராக முழுக்கப் பின்னுக்கு இழுத்த நிலையில், இருக்கும்போது விசையைத் தொட்டுப் பாருங்கள். மயிரிழை அளவாவது ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் விசையின் தகடு ஏற்கெனவே சியரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. குதிரையைப் பிடித்து நிறுத்தும் பள்ளத்தில் சியர் முழுதாக உட்காராது. விசைத் தொகுதி கட்டைக்குள் அதிகம் அமிழ்ந்துபோனதுதான் காரணம். அதன் அடியில் மெல்லிய பித்தளைத் தகடோ தடித்த காகிதமோ வைத்து உயர்த்திப் பாருங்கள். நேர்மாறாக, விசையை முழுக்க இழுத்தும் சியரைத் தொடவில்லை என்றால் தொகுதி இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

இரட்டை விசை உள்ள துப்பாக்கியில் குதிரை விழும்போது அரைநிலையில் (குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தும் நிலை) போய் மாட்டிக்கொண்டால், லாக்கின் உள்ளே இருக்கும் 'ஃப்ளை' என்ற குட்டித் துண்டைத் தேடுங்கள். சியரின் மூக்கு அரைநிலைப் பள்ளத்தில் விழாமல் அதைத் தாண்டச் செய்வது இதன் வேலை. சுத்தம் செய்யக் கழற்றும்போது எளிதில் கீழே விழுந்து காணாமல் போகிற பாகம் இது. கெட்டி எண்ணெயில் ஒட்டிக்கொண்டாலும் இதே அறிகுறிதான்.

அரைநிலையில் இருக்கும் குதிரை விசையை அழுத்தினால் விழுகிறதா? அந்தத் துப்பாக்கிக்கு மருந்து போடாதீர்கள். லாக் குழியையும் விசையையும் மேலே சொன்னபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் லாக் செய்தவரிடமோ துப்பாக்கி மெக்கானிக்கிடமோ கொடுங்கள். சியர் பள்ளத்தை அரத்தால் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று மட்டும் இறங்க வேண்டாம். மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய இரும்பு அது; தேய்த்தால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே வந்து, ஒரு பருவம்கூடத் தாங்காது.

பொறி வரவில்லை

கிண்ணம் காலி, குழல் காலி என்று பார்த்துக்கொண்டு, இரவில் கேரேஜ் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் தெரியாதது அங்கே தெரியும். நல்ல லாக்கில் வெண்மையான பொறிகள் கொத்தாகக் கிண்ணத்துக்குள் விழுந்து, விழுந்த பிறகும் ஒரு கணம் அங்கேயே கிடந்து துள்ளும். சிவப்பாக இரண்டு மூன்று வந்து காற்றிலேயே அணைந்தால் கோளாறு.

எரிவது கல் இல்லை, எஃகு. கல்லின் கூர் ஃப்ரிசனிலிருந்து சீவியெடுக்கும் எஃகுத் துகள்தான் காற்றில் எரிகிறது. அதனால் முதல் கேள்வி, கல்லுக்கு அந்தக் கூர் இருக்கிறதா? மலிவுக் கிட்டோடு வரும் இயந்திரத்தில் அறுத்த கல் பல சமயம் உருப்படியாகப் பொறி தருவதில்லை. கையால் உடைத்துச் செய்த கல் வாங்குங்கள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிராண்டன் ஊரின் கறுப்புப் பிளின்ட் கல் காலங்காலமாகப் பேர் பெற்றது. சில டாலர்தான் ஆகும். இந்தக் கிட்டில் நீங்கள் செய்யப்போகும் செலவுகளிலேயே உருப்படியான செலவு இதுவாகத்தான் இருக்கும்.

கல் நல்லதாக இருந்தும் வரவில்லையா? அரைநிலையில் குதிரையை வைத்து ஃப்ரிசனை மூடுங்கள். கல்லின் விளிம்பு ஃப்ரிசனை ஏறக்குறையத் தொடும் தூரத்தில், அதற்கு இணையாக, முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் முந்திக்கொண்டிருந்தால் அந்த மூலை மட்டும் கீறும். தோலில் சுற்றிப் பூட்டுங்கள். வெறும் கல்லைத் தாடையில் வைத்து முறுக்கினால் வழுக்கும், உடையும். அடுத்து, கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டிப் பாருங்கள். சரிவு மேலே இருந்தால் ஒரு உயரத்திலும், கீழே இருந்தால் வேறு உயரத்திலும் கல் போய் மோதும். சில லாக்குக்கு அதுதான் பிடிக்கும், சிலதுக்கு இதுதான். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலர் முயல்வதே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஃப்ரிசனைச் சந்தேகப்பட வேண்டும். அதன் முகத்தில் ஆழமான வாய்க்கால் வாய்க்காலாகக் கீறல் விழுந்திருந்தால் எஃகு மென்மை. கீறலே விழாமல் கல் வழுக்கிக்கொண்டு போய்க் கூர் மட்டும் நொறுங்கினால் அதிகக் கடினம். பழைய அரத்தின் முனையை ஃப்ரிசனின் ஓரத்தில் உரசிப் பாருங்கள். கடிக்காமல் வழுக்க வேண்டும், கடித்தால் மென்மைதான். அதைச் சூடேற்றிக் கடினப்படுத்துவது எஃகின் ரகம் தெரிந்தவர் வேலை. லாக் தயாரிப்பாளர்கள் பலரும் ஃப்ரிசனை மட்டும் வாங்கிக் கடினப்படுத்தியோ மாற்றியோ தருவார்கள்.

கிண்ணம் எரிகிறது, குழல் வெடிக்கவில்லை

துப்பாக்கியை இலக்கை நோக்கியபடியே குறைந்தது ஒரு நிமிடம் பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கலாம். அதற்கு முன் குனிந்து வாயைப் பார்ப்பதோ, துப்பாக்கியைத் திருப்புவதோ கூடவே கூடாது.

முதல் சந்தேகம் எண்ணெய். போன முறை துடைத்துப் பூசிய எண்ணெய் வடிந்து அடியில் தேங்கி, முதல் மருந்தை நனைத்துவிடும். மருந்து போடுவதற்கு முன் காய்ந்த துணியை அடிவரை விட்டுத் துடைத்து, தீத்துளைக்குள் கம்பி விட்டு எடுங்கள். குறுகிய அறை உள்ள குழலில் சாதாரணத் துணி அந்த அறைக்குள் போகாது. குழலைவிடச் சிறிய பிரஷில் துணியைச் சுற்றி விட வேண்டும். இது தெரியாமல் அவதிப்படுகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது சந்தேகம் மருந்து. கருமருந்து, அதாவது பழைய வகைக் கறுப்பு வெடிமருந்து, வெடிபொருள் கணக்கில் வருவதால் அதை வைத்து விற்கும் கடைகள் குறைவு; கடையில் சுலபமாகக் கிடைப்பது பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள். அவை பற்றிக்கொள்ள அதிக வெப்பம் வேண்டும். பிளின்ட்லாக்கின் தீ அதற்குப் போதாது. அசல் கருமருந்தைத் தேடி வாங்குங்கள். அரை அங்குலக் குழலுக்கு எஃப்எஃப்ஜி அல்லது எஃப்எஃப்எஃப்ஜி ரகம் (எஃப் கூடக் கூடத் துகள் நைஸ்), கிண்ணத்துக்கு அதைவிட நைசான எஃப்எஃப்எஃப்எஃப்ஜி. அளவு உங்கள் கிட்டின் கையேட்டில் இருக்கும், அதில் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். நவீனத் தோட்டாக்களுக்கான புகையில்லா மருந்து எந்தக் காரணத்துக்காகவும் ஒரு சிட்டிகைகூட இதற்குள் போகக்கூடாது, குழல் வெடித்துவிடும்.

மூன்றாவது, துளையின் இடம். லாக் தகடு குழலின் பக்கத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா? கிண்ணத்துக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மருந்து அதில் கொட்டிப் போகும், தீயும் சிதறும். தீத்துளையின் நடுப்பகுதி கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில் இருந்தால் நல்லது. துளையைப் பெரிதாக்குவது கடைசி வழி. ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர், வழக்கமான அளவு. 2 மில்லிமீட்டரைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

வெடிக்கிறது, ஆனால் இழுத்துக்கொண்டு வெடிக்கிறது

கிண்ணத்தை மருந்தால் நிரப்பி வழிய விட்டிருப்பீர்கள். துளைக்குள்ளும் மருந்து அடைந்தால் அது திரி மாதிரி ஒவ்வொரு துகளாக எரிந்துதான் உள்ளே போகும். கிண்ணத்தில் பாதிக்குக் கீழே போட்டு, துளை திறந்தே இருக்கும்படி விடுங்கள்; சுவாலையின் வெப்பம் நேராக உள்ளே பாயும். புழுக்கமான நாளில் கிண்ணத்தில் படியும் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சேறாகிவிடும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கிண்ணம், கல், ஃப்ரிசன் மூன்றையும் துணியால் துடையுங்கள்.

மருந்து போடாமலே குண்டை இறக்கியாயிற்று

மைதானத்தில் பேச்சு வாக்கில் எல்லாருக்கும் நடப்பதுதான், பதற வேண்டாம். தீத்துளை வழியாக நைஸ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தட்டி விட்டு, குண்டை ராம்ராடால் மறுபடி அடிவரை அழுத்தி, பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றலாம். அழுத்தாமல் விட்டால் குண்டு மருந்திலிருந்து தள்ளி நிற்கும். அப்படிச் சுட்டால் குழல் உப்பிவிடும். இதைத் தவிர்க்க, சரியாக நிரப்பியபோது ராம்ராடு எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள்.

குண்டுகள் சிதறுகின்றன

குழலைக் குறை சொல்வதற்கு முன் சுட்ட துணித்துண்டுகளைப் பொறுக்குங்கள். குண்டைச் சுற்றி வைத்த துணி சில கஜ தூரத்தில் தரையில் கிடக்கும். ஓரம் மட்டும் நார்நாராகி, நடுவில் கறுப்பு வட்டத்தோடு முழுசாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டையாகியிருந்தால் துணி மெல்லியது அல்லது ஈரப்பசை போதவில்லை. நேர்க்கோடுகளாக வெட்டுப்பட்டிருந்தால் குழல் வாயின் விளிம்போ உள்ளே இருக்கும் முகடுகளோ கூராக இருக்கின்றன. புதுக் குழலில் இது சகஜம். வாயில் நைஸ் உப்புத்தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றி விளிம்பை மழுங்கச் செய்யுங்கள். உள்முகடுகள் சுடச்சுடத் தானே மழுங்கும்.

0.50 அங்குலக் குழலுக்கு 0.490 குண்டும் அதற்கு ஏற்ற தடிமனில் பருத்தித் துணியும் வழக்கமான ஜோடி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: துணி, அப்புறம் மருந்தின் அளவு, அப்புறம் குண்டு. குழலுக்குள் சுழன்று போகும் வரிப்பள்ளங்களின் முறுக்கையும் பாருங்கள்; உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கு உள்ள குழல்தான் ஏற்றது. கிட் விவரத்தில் 1:66 (66 அங்குலத்துக்கு ஒரு சுற்று) என்றிருந்தால் அதில் நீள்குண்டு போட்டுவிட்டுச் சிதறுகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

குண்டுகள் ஒரே இடத்தில் கூடி விழுந்து, இலக்கைத் தள்ளி மட்டும் விழுந்தால் குறிகாட்டியின் வேலை. பின்குறியை, குண்டு போக வேண்டிய பக்கமாகத் தட்டி நகர்த்துங்கள். முன்குறி கிட்டில் வேண்டுமென்றே உயரமாக வரும். அதனால் குண்டு தாழ்வாக விழுவது இயல்பு. முன்குறியை அரத்தால் ஓரிரு இழுப்பு தேய்க்கத் தேய்க்க மேலே ஏறும். மருந்தின் அளவை முடிவு செய்த பிறகு மட்டும் தேயுங்கள்.

குழலின் பின்புறம் கட்டையில் விரிசல்

குழலின் பின்முகம் மரத்தில் முழுதாகச் சாய்ந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் உதைப்பு முழுவதையும் குழலின் பின்வாலைக் கட்டையில் பூட்டும் மேல்திருகு தாங்கி, மரம் பிளக்கும். இங்கேயும் மசி தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் எபாக்ஸி கொஞ்சம் பூசி, குழலுக்கு ஒட்டாமல் இருக்க மெழுகு தேய்த்து, உட்கார வையுங்கள். ஆழமான விரிசல் விழுந்த கட்டையில் சுடாதீர்கள்.

நிறமும் மெருகும்

மலிவுக் கட்டை மரம் சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். ஈரத் துணியால் துடைத்து எழும்பும் நாரை உப்புத்தாளால் நீக்குவதை இரண்டு தடவை செய்துவிட்டுச் சாயத்தை நீர்க்கப் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் பிசுபிசுவென்று நின்றால் தடிமனாகப் பூசிவிட்டீர்கள்; டர்பன்டைன் தொட்டுத் துடைத்து எடுத்து, மெல்லிய படலமாக மறுபடி பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் வீசுங்கள்.

குழலுக்குக் கரைசல் பூசிப் பழுப்பு நிறம் ஏற்றும்போது செம்பு நிறத் திட்டு வந்தால் கரைசல் அதிகம். தேய்த்தெடுத்து, அடுத்த தடவை ஒரே இழுப்பில், ஒரே இடத்தில் இரண்டு முறை படாமல் பூசுங்கள். ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் கைப்பட்ட எண்ணெய்ப் பசை இருக்கிறது, அல்லது அறையில் ஈரம் போதவில்லை. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுத் தொங்கவிட்டால் வரும். குழலின் வாயையும் தீத்துளையையும் அடைத்துவிட்டுச் செய்யுங்கள். போதும் என்ற நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி எண்ணெய் பூசுங்கள்.

நிறுத்தி வைத்த துப்பாக்கியின் குழலுக்குள் துரு

கருமருந்தின் கரியை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றைக்கே வெதுவெதுப்பான நீரில் கழுவி, காய்ந்த துணி கறுப்பில்லாமல் வரும் வரை துடைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் எண்ணெய் தீத்துளைப் பக்கம் வடியாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பிளின்ட்லாக் மான் வேட்டைப் பருவத்துக்காக, 1974-இல் தொடங்கியது அது, இந்தக் கிட்டைச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். வருடத்தில் சில வாரம் மட்டும் வெளியே வரும் துப்பாக்கி என்பதால், மீதி மாதங்களில் மாதம் ஒருமுறையாவது எடுத்து ஒரு துணி விட்டுவிடுங்கள்.